சுந்தரியின் வயிற்றில் காந்தம்

டை கட்டிய ஆசாமி ஒருவன் சாலையோரத்தில் நின்று பசுமாட்டுக்கு வாழைப்பழம் ஊட்டிக்கொண்டிருந்தான். ஒரு பழம் இரண்டு பழம் இல்லை, ஒரு சீப்பு. தோலை உரித்து, கறுத்துப்போன நுனியைக் கிள்ளி எறிந்துவிட்டு, குழந்தைக்குக் கொடுப்பதுபோலக் கொடுத்தான்.

எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து துப்பறிவாளர் ஓஸ்வால்ட் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய டீ ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. பக்கத்தில் அவருடைய உதவியாளர் சரசு, தன் பன்னை முடித்துவிட்டு அவருடைய பன்னையும் எடுத்துக்கொண்டாள்.

"அந்தாளு தினேஷ்தானே சார்? கம்பெனி மேனேஜர்?"

"அவனேதான்."

"நேத்து ஆபீஸ்ல நம்மள அவ்ளோ நேரம் ஒக்கார வெச்சான். ஒரு வாய் தண்ணி குடுத்தானா? மாட்டுக்குப் பாருங்க, விருந்து நடக்குது. அடுத்த தபா நானும் ஒரு வால் கட்டிக்கினு வரேன்."

ஓஸ்வால்ட் சிரிக்கவில்லை. ஏதாவது ஒன்று மூளையில் ஓடும்போது அவர் சிரிப்பதில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் க்ளெய்ம்களைப் பிடிக்கும் வேலையில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, காக்ஸ் டவுனில் ஒரு பேக்கரி மாடியில் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் வைத்திருப்பவர். சரசு அல்சூர்க்காரி. ஆஸ்பத்திரி ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து, பெரிய டாக்டர் ஒருவரை "கொஞ்சம் மரியாதையாப் பேசுங்க, அப்புறம் லைன் தரேன்" என்று சொன்னதால் வேலை போனவள். அதைக் கேள்விப்பட்ட மறுநாளே ஓஸ்வால்ட் அவளைத் தேடிப் போய் வேலைக்கு வைத்துக்கொண்டார்.

"கடைக்காரரே," என்றார் ஓஸ்வால்ட். "அவருக்கு மாடுன்னா ரொம்பப் பிரியமோ?"

டீக்கடைக்காரர் தலையைக்கூடத் தூக்கவில்லை. "பிரியமா? போன மாசம் அவரு காரை இந்த மாடு உரசிடுச்சுன்னு முனிசிபாலிடிக்கு எழுதிப் போட்டவரு சார் அவரு. இப்ப ரெண்டு நாளா என்னாச்சோ, பழத்தோட வந்து நிக்கறாரு."

ரெண்டு நாள். ஓஸ்வால்ட் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மூன்று நாளைக்கு முன்னால்தான் அந்தப் பொருள் காணாமல் போயிருந்தது. டீக்கடைக்குப் பின்னால் நீளமாக ஓடிய மதில்சுவருக்கு அந்தப் பக்கம், எலெக்ட்ரானிக் சிட்டி ஓரத்தில், சீனிவாசராகவன் என்பவருடைய சின்னக் கம்பெனி. மிக மெல்லிய காந்தப்புலத்தையும் உணர்ந்து சொல்லும் ஒரு சிப்பை அங்கே பல வருஷப் பாடுபட்டுச் செய்திருந்தார்கள். சட்டைப் பொத்தான் அளவுதான். பத்துப் பதினைந்து செய்ததில் ஒன்றே ஒன்றுதான் அப்பழுக்கில்லாமல் வந்தது. அதைப் பார்த்து வாங்குவதற்காக வெளிநாட்டிலிருந்து ஆட்கள் நாளைக்கு வருகிறார்கள். அந்த ஒன்றைத்தான் காணோம்.

கடைசியாக அதைக் கையில் தொட்டவள் சரளா என்கிற டெக்னீஷியன் பெண். ஹெப்பகோடியில் ஒற்றை அறையில் அம்மாவோடு இருப்பவள். காலை ஷிப்ட் உள்ளே போகிற நேரத்தில் சீனிவாசராகவன் அவளைக் கேட்டிலேயே நிறுத்தி, வரிசையில் நின்ற எல்லோர் காதிலும் விழும்படி, "எடுத்ததைக் கொடுத்துட்டுப் போ" என்று சொல்லியிருந்தார். அவள் வீட்டுக்குப் போகவில்லை. நேராகப் பஸ் பிடித்து காக்ஸ் டவுன் வந்து, மாடி ஏறி, "நான் எடுக்கல. எடுத்தது யாருன்னு கண்டுபிடிச்சுக் குடுங்க" என்றாள். ஓஸ்வால்ட் வாயைத் திறப்பதற்குள் சரசு, "ஆவட்டும்மா, உக்காரு" என்று சொல்லிவிட்டாள். ஆக, கேஸ் எடுத்தாயிற்று.

"சரசம்மா, யாருக்காவது சோறு போட்டா நீங்க எங்க பார்ப்பீங்க?"

"வாயைத்தான் பாப்பேன். எப்ப போதும்பாங்கன்னு."

"அவன் எங்க பார்க்கிறான்?"

சரசு பார்த்தாள். கடைசிப் பழத்தை மாட்டின் வாயில் கொடுத்துவிட்டு, தினேஷ் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு நோட்டம் விட்டான். பிறகு மாட்டைச் சுற்றிக்கொண்டு அதன் பின்பக்கம் போய் நின்று, வாலுக்குக் கீழே உற்றுப் பார்த்தான். அந்த நேரம் பார்த்து ஒரு கம்பி லாரி குறுக்கே வந்து நின்றது. லாரி நகர்ந்தபோது தினேஷ் கைக்குட்டையால் வலது கையை அழுத்தித் துடைத்துக்கொண்டு கேட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தான்.

"கலீஜ் புடிச்சவன்," என்றாள் சரசு.

"இல்ல. உள்ள போனது வெளிய வந்துடுச்சான்னு தேடறான்."

"எது உள்ள போச்சு?"

ஓஸ்வால்ட் மதில்சுவரைக் காட்டினார். சுவரை ஒட்டி, காண்டீனிலிருந்து அந்தப் பக்கமாகவே வீசப்பட்ட இலைகளும் எச்சில் சோறும் குவிந்து கிடந்தன. "கேட்ல எல்லாரையும் தடவிப் பார்த்துத்தான் வெளிய விடறாங்க. சிப்பைச் சப்பாத்திக்குள்ள சுருட்டி இப்படித் தூக்கிப் போட்டுட்டு, வெளிய வந்து எடுத்துக்கலாம்னு நினைச்சிருப்பான். அவனுக்கு முன்னாடி அது வந்துடுச்சு."

அது, தன் பெயர் அடிபடுவது தெரியாமல், ஒரு பால் கவரை மென்றுகொண்டிருந்தது.

சரசு மாட்டைப் பார்த்தாள். "பாவம் சார் திருடன். எவ்ளோ பெரிய திட்டம். கடைசியில சாணிக்காகக் காத்துக்கினு நிக்கிறான்."

*

சீனிவாசராகவனுக்கு அறுபது வயதிருக்கும். தாத்தா காலத்திலிருந்து மைசூர் சர்க்கார் உத்தியோகம் பார்த்த குடும்பம். வெளுத்த வேட்டியைப் போல மடிப்புக் கலையாத மனிதர். அறைக்குள் நுழைந்ததும் முழங்கையில் மாட்டியிருந்த குடையை எடுத்து மேஜைமேல் குறுக்கே போட்டார், மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார், பிறகுதான் இவர்களைப் பார்த்தார்.

"போலீசுக்குக் கொடுக்க கம்ப்ளைண்ட் ரெடியா இருக்கு. சாயங்காலம் நானே போய்க் கொடுத்துடறதா இருக்கேன். அதுக்குள்ள உங்களுக்கு ஏதாவது தோணித்துன்னா சொல்லுங்கோ."

"அந்தப் பொண்ணு ட்ரேயைக் கொண்டுவந்து உங்க மேஜைல வெச்சதாச் சொல்லுது."

"ட்ரே வெச்சா. அதுக்குள்ள சாமான் இருந்துதான்னு நான் பார்க்கலை. அப்பத்தான் போன்ல பேசிண்டே உள்ளே வந்தேன். காலமே வந்து பார்த்தா ட்ரேல அதோட குழி காலி."

"அப்ப அவ மேல எதை வெச்சு..."

"வேற யார் மேல சொல்றது?"

சரசு வாயைத் திறந்தாள். ஓஸ்வால்ட் அவள் காலை மிதித்தார்.

"சார், அந்தச் சிப் எப்படி வேலை செய்யுதுன்னு சொல்லுங்க. எனக்குப் புரியற மாதிரி."

அந்த ஒரு கேள்வியில் மனிதர் இளகிவிட்டார். இழுப்பறையிலிருந்து மரப்பிடி வைத்த சின்னப் பெட்டி ஒன்றை எடுத்தார். அதன் முனையில் தொலைந்துபோன சிப்பின் தம்பி உட்கார்ந்திருந்தது. அண்ணன் அளவுக்குக் கெட்டிக்காரத்தனம் இல்லாத தம்பி.

"இது ஸ்படிகம். இந்த ஓரத்துல ஒரு அதிர்வைத் தட்டி விடறோம். குளத்துல அலை போற மாதிரி மேலாகவே ஓடி அந்த ஓரத்துக்குப் போய்ச் சேரும். ஆழமா இறங்காது. நடுவுல ஒரு மெல்லிசு உலோகப் பூச்சு போட்டிருக்கோம். பக்கத்துல காந்தமோ இரும்போ வந்தா அந்தப் பூச்சு துளி இறுகும், துளி தளரும். மேல ஓடற அலை போய்ச் சேர்ற நேரம் அதுக்கேத்த மாதிரி முன்னே பின்னே ஆகும். அந்த வித்தியாசத்தைத்தான் சத்தமா மாத்திக் கேக்கறோம்."

"மேடு பள்ளம் வந்தா பஸ் லேட்டாகுற மாதிரி," என்றாள் சரசு.

"கிட்டத்தட்ட." அவருக்கு அந்த உவமை பிடிக்கவில்லை என்பது தெரிந்தது.

"தொலைஞ்சுபோனதுலயும் காந்தம் இருக்குமா?" என்று கேட்டார் ஓஸ்வால்ட்.

"கடுகு மாதிரி ஒண்ணு அடியிலேயே ஒட்டியிருக்கும். அது இல்லேன்னா பூச்சு தூங்கிடும்."

"அப்ப தம்பியை வெச்சு அண்ணனைக் கண்டுபிடிக்கலாம்."

சீனிவாசராகவன் இதை யோசித்திருக்கவில்லை. யோசிக்காததை ஒப்புக்கொள்ளவும் இல்லை. "கிட்டப் போகணும். ஒரு சாண், ரெண்டு சாண். எங்கே போய்த் தேடறது?"

"ஒரு மாட்டுகிட்ட."

சீனிவாசராகவன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மறுபடியும் துடைத்தார்.

கருவியை வெளியாள் கையில் தனியாகக் கொடுத்தனுப்ப அவர் சம்மதிக்கவில்லை, தானும் வருவேன் என்றார். புறப்படுவதற்கு முன்னால் இரும்பைக் கழற்றும் படலம் நடந்தது. அவர் பெட்டியை ஒவ்வொருவருக்கும் எதிரே காட்டினார். ஓஸ்வால்ட்டின் பெல்ட்டுக்கு அது முனகியது. சாவிக்கொத்துக்கு அழுதது. சரசுவுக்கு முன்னால் காட்டியதும் தீயணைப்பு வண்டி மாதிரி ஊளையிட்டது.

"ஹேர்பின் எல்லாத்தையும் எடுத்துடுங்கோம்மா."

சரசு எடுத்தாள். எடுத்துக்கொண்டே இருந்தாள். கொண்டையிலிருந்து ஒரு கைப்பிடி வந்தது. புடவையிலிருந்து ஊக்குகள், வளையலில் கோத்த ஊக்குகள், ஜாக்கெட் ஓரத்தில் குத்தியிருந்த தையல் ஊசி. மேஜைமேல் சின்ன இரும்புக் கடை ஒன்று உருவானது.

"ஒரு பொம்பளையைக் கட்டி நிறுத்தறது இவ்ளோ இரும்புன்னு இப்பதான் சார் தெரியுது," என்றாள் அவள், தோளில் நழுவும் முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு.

சீனிவாசராகவன் தன் வாட்சையும் சாவியையும் மேஜையில் வைத்தார். பிறகு ஒரு குமிழைத் திருகிச் சத்தத்தைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார். பெட்டி அமைதியானது. அதைச் சரசு கையில் கொடுத்துவிட்டு, தன் குடையை எடுத்து முழங்கையில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார்.

*

மாட்டின் பெயர் சுந்தரி. சொந்தக்காரர் கோவிந்தப்பா. ஹெப்பகோடியில் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த இரண்டு அபார்ட்மெண்டுகளுக்கு நடுவில், விற்க மாட்டேன் என்று அவர் பிடிவாதமாக வைத்திருந்த துண்டு நிலத்தில் தகரக் கொட்டகை. மத்தியான வெயிலுக்கு சுந்தரி உள்ளே வந்து படுத்திருந்தது. கூட இன்னும் இரண்டு மாடுகள்.

"நம்ம சுந்தரி மேல ஏனு கம்ப்ளைண்ட்டு?" என்றார் கோவிந்தப்பா, கன்னடம் கலந்த தமிழில். "அந்த டைக்காரரு திருப்பி எழுதிட்டாரா?"

"கம்ப்ளைண்ட் ஒண்ணும் இல்லைங்க. ஒடம்பைப் பார்க்க வந்திருக்கோம்," என்றார் ஓஸ்வால்ட்.

"இவங்க டாக்டரம்மா," என்று சரசு தன்னையே காட்டிக்கொண்டாள். ஊக்கு இல்லாத புடவையும் அவிழ்ந்த கொண்டையுமாக அவள் எதற்கு டாக்டர் என்று கோவிந்தப்பாவுக்குப் புரியவில்லை. ஆனாலும் ஒதுங்கி வழிவிட்டார்.

சரசு சுந்தரியின் முன்னங்காலுக்குப் பின்னால், இடது பக்க வயிற்றருகில் பெட்டியை நீட்டினாள். கனமான சாமான் விழுங்கினால் மாட்டுக்கு அங்கேதான் போய்த் தங்கும் என்று கோவிந்தப்பாவே சொல்லியிருந்தார். சீனிவாசராகவன் அவளை ஒட்டினாற்போலக் குனிந்து நின்று குமிழைத் திருகினார்.

பெட்டி வீறிட்டது.

சுந்தரி திரும்பிப் பார்த்தது. சீனிவாசராகவனின் முகம் பளிச்சென்றாகிவிட்டது. "இருக்கு. உள்ளே இருக்கு."

ஓஸ்வால்ட் அவசரப்படவில்லை. "பக்கத்து மாட்டுக்கும் வெச்சுப் பாருங்க."

இரண்டு பேருமாகப் பக்கத்து மாட்டிடம் போனார்கள். அதுவும் வீறிட்டது. மூன்றாவது மாடும் அதே சுருதியில் வீறிட்டது.

"மூணுமே தின்னுடுச்சா?" என்றாள் சரசு. "ஒரு சிப்பைப் பங்கு போட்டுக்கிச்சுங்களா?"

சீனிவாசராகவன் சோர்ந்துபோனார். "ரோட்டுல மேயற மாடு. ஆணி, கம்பி, பிளேடு எதைத்தான் முழுங்காது? ஒவ்வொண்ணு வயித்துலயும் இரும்பு இருக்கும். இதுல எதுன்னு எப்படிப் பிரிக்கறது?"

"நம்ம மாடு ஆணி தின்னல," என்றார் கோவிந்தப்பா ரோஷத்தோடு. "நான் பாத்துப் பாத்து வளக்கறேன். உங்க மிஷினுக்குத்தான் உடம்பு சரியில்ல."

அந்த நேரத்தில்தான் கொட்டகை வாசலில் ஒரு நிழல் விழுந்தது. ஒரு கையில் வாழைப்பழச் சீப்போடு, மறு கையில் டையைத் தோளுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு, தினேஷ் உள்ளே காலை வைத்தான். முதலாளியைப் பார்த்ததும் வைத்த கால் அப்படியே நின்றது.

"வாங்க தினேஷ்," என்றார் ஓஸ்வால்ட். "உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கோம். சிப்பைச் சப்பாத்திக்குள்ள வெச்சீங்களா, இட்லிக்குள்ளயா?"

"எக்ஸ்க்யூஸ் மீ?"

"ரெண்டு நாளா இந்த மாட்டுக்குப் பழம் கொடுக்கறீங்க. கொடுத்துட்டுப் பின்னாடி போய்த் தேடறீங்க. கையை வேற துடைச்சுக்கறீங்க. எதைத் தேடறீங்க?"

தினேஷின் முகம் டை வரைக்கும் சிவந்தது. அவன் முதலாளியைப் பார்த்தான், மாட்டைப் பார்த்தான், கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"தேடல சார். தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டேன்."

"எதை?"

"சிப் காணாமப் போனதும் டீல் போயிடுமோன்னு பயந்து வீட்டுல ஒரு ஜோசியர்கிட்ட கேட்டாங்க. பசுமாட்டுக்குப் பழம் குடுத்து, பின்பக்கம் தொட்டுக் கும்பிடணும்னு சொன்னாரு. ஃபாரின் பையர்ஸ் வந்துட்டுப் போற வரைக்கும், டெய்லி ரெண்டு வேளை." அவன் குரல் இறங்கியது. "ஆபீஸ்ல யாருக்கும் தெரிஞ்சிடக்கூடாதுன்னுதான் சுத்திமுத்திப் பார்த்தேன்."

ஓஸ்வால்ட் சரசுவைப் பார்த்தார். சரசு கோவிந்தப்பாவைப் பார்த்தாள்.

"அவ்து, ஆமாங்க," என்றார் கோவிந்தப்பா, இதுகூடத் தெரியாதா என்கிற முகத்தோடு. "பசுவுக்குப் பின்னாடிதான் லட்சுமி இருக்கறது. காலங்காத்தால எத்தனை பேர் வந்து கும்பிட்டுப் போறாங்க."

காக்ஸ் டவுன் சர்ச்சில் ஞாயிறுதோறும் முன் வரிசையில் உட்காரும் ஓஸ்வால்ட்டுக்கு இந்தத் தகவல் ஐம்பத்திரண்டு வயதுவரை யாரும் சொல்லாமல் விடப்பட்டிருந்தது. அவர் நெற்றியைத் தடவிக்கொண்டார்.

"எனக்கும் தெரியாது சார்," என்றாள் சரசு, அவர் கேட்காமலே. "எங்க தெருவுல மாடு வந்தா வெளக்குமாத்தை எடுத்துக்கினு தொரத்துவோம். அதான் லட்சுமி வரல போல."

சீனிவாசராகவனுக்கு வேறு ஒரு விஷயம்தான் சுட்டது. "நீ ஒரு எம்.பி.ஏ. தினேஷ். நேத்து போர்டு மீட்டிங்ல டேட்டா, டேட்டான்னு எனக்கு க்ளாஸ் எடுத்தே." அவர் கொட்டகை வாசலுக்கே போய்விட்டார், தினேஷைத் தள்ளிக்கொண்டு வெளியே நிறுத்தி, தாழ்ந்த குரலில் ஆரம்பித்து உயர்ந்துகொண்டே போனார்.

கொட்டகைக்குள் சரசு மறுபடியும் சுந்தரியிடம் வந்து அதன் விலாவருகில் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கை வலித்தது. யாரும் எடு என்றும் சொல்லவில்லை, பிடி என்றும் சொல்லவில்லை. அவள் பெட்டியைக் காதருகே கொண்டுபோய் ஒரு குலுக்குக் குலுக்கினாள்.

"சார், இது செத்துப்போச்சு."

"என்ன?"

"சத்தம் வரல. இப்பதான் அவ்ளோ கத்திச்சு."

ஓஸ்வால்ட் பக்கத்தில் வந்தார். பெட்டியை வாங்கி சுந்தரியின் வயிற்றை ஒட்டி வைத்தார். மௌனம். அடுத்த மாட்டிடம் வைத்தார். மௌனம். மூன்றாவது மாட்டிடமும் அப்படியே. தூணில் அடித்திருந்த ஆணி ஒன்றின் அருகே கொண்டுபோனார், பெட்டி உடனே முனகியது. சாகவில்லை.

"அப்ப மூணு மாடும் ஒரே நேரத்துல ஆணியைத் துப்பிடுச்சா?" என்றாள் சரசு.

ஓஸ்வால்ட்டின் கண்கள் வாசலுக்குப் போயின. வெயிலில் நின்று சீனிவாசராகவன் கையை ஆட்டி ஆட்டித் தினேஷைத் திட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு ஆட்டலுக்கும் அவருடைய முழங்கையில் கறுப்புக் குடை ஊஞ்சலாடியது.

"சரசம்மா," என்றார் ஓஸ்வால்ட் மெதுவாக. "மூணு மாட்டுக்கிட்டயும் நீங்க போனப்ப உங்க பக்கத்துல யார் நின்னாங்க?"

சரசு அந்தத் திசையில் பார்த்தாள்.

ஓஸ்வால்ட் வெளியே போய், பேச்சுக்கு நடுவில் குறுக்கிட்டார். "சார், அந்தக் குடையைக் கொஞ்சம் கொடுங்க."

"எதுக்கு? மழையா பெய்யறது?" கேட்டுவிட்டு சீனிவாசராகவன் தன் முழங்கையைப் பார்த்தார். அங்கே ஒரு குடை இருப்பதை அப்போதுதான் கண்டுபிடித்தவர்போல முகம் மாறியது. "அடடே. இது கம்பிக் குடைன்னா. இதனாலதான் மாடு மாடாக் கத்தியிருக்கு. எங்க பாட்டனார் காலத்துலேர்ந்து குடையில்லாம வெளியே போறதில்லை, கையிலே இருக்கறதே மறந்துபோயிடும். சரி, இப்போ தெரிஞ்சுடுத்தில்லையா. உள்ளே போய் மறுபடியும் முதல்லேர்ந்து..."

"மாட்டை விடுங்க சார்." ஓஸ்வால்ட் குடையைச் சுவரில் சாய்த்து வைத்து, பெட்டியைக் கைப்பிடியிலிருந்து கீழ்நோக்கி மெல்ல நகர்த்தினார். பெட்டி ஒரே மாதிரி முனகிக்கொண்டே வந்தது.

"அதான் சொன்னேனே, இரும்பு இருந்தா கத்தத்தான் செய்யும்."

"கத்தட்டும். கம்பி முழுக்க ஒரே கம்பிதானே சார்? முழுக்க ஒரே மாதிரி கத்தணும் இல்லையா?"

பெட்டி குடையின் பாதியைத் தாண்டியது. முனகல் மாறவில்லை. நுனிக்கு ஒரு சாண் மேலே, துணி மடிந்து சுருட்டியிருந்த ஓர் இடத்தில், பெட்டி ஊளையிட்டது. ஓஸ்வால்ட் கையை மேலே எடுத்தார், முனகல். கீழே கொண்டுவந்தார், ஊளை.

எழுந்து வாசலுக்கு வந்துவிட்ட சுந்தரி தினேஷின் கையிலிருந்த சீப்பிலிருந்து ஒரு பழத்தைத் தோலோடு இழுத்துக்கொண்டது.

"போன மழைக்கு அப்புறம் இதை விரிச்சீங்களா?"

"பிப்ரவரி மாசம் யார் குடையை விரிப்பா?" சீனிவாசராகவனின் குரல் தானாகவே சுருங்கிவிட்டது.

ஓஸ்வால்ட் பட்டியைக் கழற்றிக் குடையை மெதுவாகத் திறந்தார். கறுப்புத் துணி விரிந்தது. ஒரு கம்பியின் ஓரத்தில், அட்டைப்பூச்சி மாதிரி கெட்டியாக ஒட்டிக்கொண்டு, சட்டைப் பொத்தான் அளவில் பளபளவென்று தொங்கியது காணாமல் போன அண்ணன்.

"காலையில ரூமுக்குள்ள வந்ததும் குடையை மேஜைமேல குறுக்கே போட்டீங்க, நான் பார்த்தேன்," என்றார் ஓஸ்வால்ட். "அன்னிக்கு அதே இடத்துல திறந்த ட்ரே இருந்திருக்கும். போன்ல பேசிக்கிட்டே, பட்டி மாட்டாமத் தளர்ந்திருந்த குடையை அதுமேல போட்டிருப்பீங்க. கடுகு காந்தம் கம்பியைப் பிடிச்சுக்கிச்சு. பேசிக்கிட்டே குடையைச் சுருட்டி எடுத்துக்கிட்டுப் போயிட்டீங்க. மூணு நாளா அது உங்க கையிலதான் ஊர் சுத்தியிருக்கு. கேட்ல எல்லாரையும் தடவிப் பார்க்கச் சொன்னீங்க. உங்களை மட்டும் யாரும் தடவிப் பார்க்கல."

சீனிவாசராகவன் குடையின் கீழேயே நின்றார். வெயிலுக்குப் பிடித்தாற்போல இருந்தது. அவர் கை சிப்பை நோக்கிப் போனது, நடுவழியில் நின்றது.

"அந்தப் பொண்ணு," என்றார்.

"ஆமாம் சார்," என்றாள் சரசு. அந்த ஒரு தடவை அவள் குரலில் விளையாட்டு இல்லை. "அந்தப் பொண்ணு."

*

சரளாவின் அறை அங்கிருந்து நடக்கும் தூரம்தான். கதவைத் திறந்தவள் முதலாளியைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். உள்ளே கட்டிலில் அம்மா படுத்திருந்தாள். மூன்று நாளாக இரண்டு பேரும் தெருக்குழாய்க்கே போகவில்லை, பக்கத்து வீட்டுப் பெண்தான் குடத்தை வைத்துவிட்டுப் போகிறாள் என்பது வாசலில் இருந்த இரவல் குடத்தைப் பார்த்துச் சரசுவுக்குப் புரிந்தது.

சீனிவாசராகவன் நிலைப்படிக்கு வெளியிலேயே நின்று சொன்னார். குடையைப் பற்றிச் சொன்னார், ட்ரேயைப் பற்றிச் சொன்னார், போனைப் பற்றிச் சொன்னார். சுற்றி வளைத்து, கடைசியில், "தப்பு என்னுது. மன்னிச்சுக்கோம்மா. நாளைக்கே வேலைக்கு வந்துடு. சம்பளமும் கூட்டிக் கொடுத்துடச் சொல்றேன்" என்று முடித்தார்.

சரளா நிதானமாகக் கேட்டுக்கொண்டாள். அழுவாள் என்று ஓஸ்வால்ட் எதிர்பார்த்தார். அவள் அழவில்லை.

"சம்பளம் அப்புறம் பாத்துக்கலாம் சார். நீங்க என்னை எங்க நிக்க வெச்சுக் கேட்டீங்க?"

"கேட்ல."

"இங்க எங்க அம்மாவுக்கும் எனக்கும் நான் திருடலன்னு ஏற்கனவே தெரியும். தெரியாதவங்க அங்க இருக்காங்க. காலைல ஷிப்ட் உள்ள போற நேரத்துல, அதே இடத்துல நின்னு இதையே சொல்லுங்க. கன்னடத்துல ஒரு தபா, தமிழ்ல ஒரு தபா. நான் வந்து நிக்கறேன்."

"நாளைக்கு வெளிநாட்டுக்காரா வர்றாளேம்மா..."

"அவங்க வர்றதுக்குள்ள முடிஞ்சிடும் சார்."

கட்டிலில் படுத்திருந்த அம்மா மெதுவாக எழுந்து உட்கார்ந்து, தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டாள். சீனிவாசராகவன் தலையாட்டினார்.

*

மறுநாள் காலை கேட்டில் வழக்கத்தைவிடக் கூட்டம். சமாச்சாரம் எப்படிப் பரவியது என்று யாருக்கும் தெரியவில்லை, டீக்கடை பெஞ்சுகூடக் காலியாக இருந்தது. சரளா இஸ்திரி போட்ட யூனிபாரத்தில் கேட்டுக்கு இடது பக்கம் நின்றாள். அம்மா அவளுக்குப் பின்னால் நின்றாள். ஓஸ்வால்ட் சாலைக்கு அந்தப் பக்கம் தன் காரில் சாய்ந்துகொண்டு பார்த்தார். சரசுவை எங்கே என்று தேடினார், காணவில்லை.

சீனிவாசராகவன் வந்தார். வெறுங்கையோடு வந்தார். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதலில் கட்டிக்கொண்டார், பிறகு தொங்கவிட்டார். முதலில் இங்கிலீஷில் ஆரம்பித்துவிட்டு, சரளாவைப் பார்த்துவிட்டு, நிறுத்திக் கன்னடத்துக்கு மாறினார். சரளா எதையும் எடுக்கவில்லை. சாமான் என்னிடமே இருந்தது. அவளை இந்த இடத்தில் நிறுத்திக் கேட்டது என் தப்பு. அவளிடமும் அவள் அம்மாவிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

"கேளிஸ்லில்ல சார், ஜோராகி ஹேளி," என்று கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

அவர் கன்னடத்தில் இன்னொரு தடவை, கொஞ்சம் உரக்கச் சொன்னார். பிறகு தமிழில் சொன்னார்.

"காது கேக்கல சார்," என்றது பின்வரிசை.

அவர் எக்கி நின்று இன்னும் உரக்கச் சொன்னார். "சரளா எடுக்கலை. தப்பு என்னுது." மதில்சுவரில் உட்கார்ந்திருந்த காக்கைகள் எழுந்து பறந்தன. எதிர்க் கட்டிடத்தில் சென்ட்ரிங் வேலை செய்தவர்கள் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இந்தப் பக்கம் இன்னும் வரல சார்."

இந்தத் தடவை சீனிவாசராகவனுக்குப் புரிந்துவிட்டது. எல்லோருக்கும் நன்றாகவே கேட்டிருக்கிறது. வரிசையில் நின்ற பெண்கள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்கள், செக்யூரிட்டிக்காரர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சரளாவைப் பார்த்தார். அவள் முகத்தில், நான்கு நாளில் முதல் தடவையாக, ஒரு சிரிப்பு எட்டிப் பார்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு, ஹெப்பகோடி பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும்படி, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

சாலைக்கு அந்தப் பக்கம் ஓஸ்வால்ட் பின்வரிசையில் அந்தக் குரலின் சொந்தக்காரியைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டார். அவள் இரண்டு கையையும் வாயருகே குவித்து, அடுத்த தடவைக்குத் தயாராக நின்றுகொண்டிருந்தாள்.